விடிலியில் வந்த சோதனை

சோதனைக்காரன் வனாந்தரத்துக்கு மட்டுமா வருகிறான்? அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் கலியாணப் பேச்சுக்கும் வருகிறவனுக்கு எதிரே நிற்கும் சாமானிய விசுவாசிகளைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரமாக, பனையோலை வேய்ந்த ஒரு விடிலி. பங்குனி மாதத்துக் காலை. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் மணல் சுடத் தொடங்கிவிட்டது. விடியுமுன்பே பனையேறிய கணவர் இறக்கிக் கொடுத்த பதநீரை வடிகட்டி, அகன்ற சட்டியில் ஊற்றி, காய்ந்த மட்டையையும் ஓலையையும் அடுப்பில் தள்ளி எரித்துக்கொண்டிருக்கிறார் ஒரு தாய். பொங்கி வரும் நுரையை அடக்க, நசுக்கிய ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சிரட்டைகள், பாகு பதத்துக்கு வந்ததும் வார்ப்பதற்காகக் காத்திருக்கின்றன. அந்த வேளையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கிறது. இறங்கிய வியாபாரி, பின்னால் கிடக்கும் சீனி மூட்டையைத் தட்டிக் காட்டுகிறார்.

"தங்கச்சி, ஒரு சட்டிக்கு அஞ்சு கிலோவப் போட்டா எடை எங்கயோ போயிரும். எல்லாரும் போடுதாவ. நீ மட்டும் எதுக்குக் கெடந்து கஷ்டப்படுத?"

"வேண்டாம் அண்ணாச்சி. ராத்திரி லெந்துக் கூட்டத்துக்குப் போவணும். பாட்டுப் பாட எனக்கு வாய் வரணும்லா?"

"அப்பம் விலையில கூடக் கேக்காத" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறுகிறார். தாய் மறுபடியும் மட்டையை அடுப்பில் தள்ளுகிறார்.

இதிலே ரத்தசாட்சிகளின் மகிமை ஏதும் இல்லை. இதற்காக எந்த ஆலயத்திலும் கல்வெட்டு வைக்கப்போவதும் இல்லை. ஆயினும், நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில் இயேசுநாதருக்கு நேர்ந்த முதலாவது சோதனை அப்பத்தைப் பற்றியதே என்பதையும், பசித்தவன் அப்பத்தை விரும்புவதில் தன்னளவில் ஒரு பாவமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சிந்திப்பவர்களுக்கு, அந்த வனாந்தரத்துக் கற்களும் இந்த விடிலியின் சீனி மூட்டையும் ஒரே சரித்திரத்தைச் சேர்ந்தவை என்பது விளங்காமற் போகாது. கொலை செய், விக்கிரகத்தை வணங்கு என்று நம்மில் பெரும்பாலோரிடம் எவரும் வந்து கேட்பதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகளின் கலியாணம், தகப்பனாரின் ஆஸ்பத்திரிச் செலவு ஆகிய நியாயமான தேவைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சோதனை வாசலுக்கு வருகிறது. ஆகவேதான் அதை அடையாளம் கண்டுகொள்வது இவ்வளவு கடினமாயிருக்கிறது.

தவசிகள் கண்ட வழி

சோதனையைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் எகிப்து தேசத்துப் பாலைவனத் தவசிகள். மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து நான்காம் நூற்றாண்டின் நடுவில் மறைந்த அந்தோணியார் அவர்களுக்கு முன்னோடி. அவருடைய சரித்திரத்தை அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் எழுதிவைத்தார். அந்த மரபில் வந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ், மனிதனைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். சோதனையின் போது ஓதித் திருப்பிச் சொல்லத்தக்க வேத வாக்கியங்கள் ஏறக்குறைய 500-ஐ எண்ணத்துக்கு எண்ணம் அடுக்கி ஒரு நூலும் செய்தார். மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்தே மறுமொழி சொன்ன இயேசுநாதர்தாம் அவருக்கு இதில் முன்மாதிரி.

எட்டு எண்ணங்களுள் என்னை மிகவும் பிரமிக்கச் செய்வது நடுப்பகலின் சோர்வைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான். சூரியன் நகராததுபோலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோலவும் தவசிக்குத் தோன்றுமாம். அவன் ஜன்னலை எட்டி எட்டிப் பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று தேடுவான், செய்கிற வேலையையும் இருக்கிற இடத்தையும் வெறுப்பான். அலுவலக மேசையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கைப்பேசியை எடுத்து, எதைத் தேடுகிறோம் என்று அறியாமலே விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களுக்கு, 1,600 வருஷங்களுக்கு முன் நைல் நதிக்கு மேற்கே ஒரு மண் குடிசையில் இருந்தவர் தங்களைக் கண்டெழுதியதாகவே தோன்றும். பெரும் பாவங்கள் பலவற்றுக்கு இந்தச் சோர்வே கதவைத் திறந்துவிடுகிறது.

———
பெட்டிச் செய்தி: எட்டு ஏழானது

எவாக்ரியுஸின் எட்டு எண்ணங்கள்: பெருந்தீனி, காம இச்சை, பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை.

590 முதல் 604 வரை போப்பாண்டவராயிருந்த முதலாம் கிரகோரியார் இப்பட்டியலை மாற்றியமைத்தார். அதிலிருந்தே மேற்குத் திருச்சபையின் ஏழு தலையான பாவங்கள் உருவாயின.

தவக்காலத்தின் நாற்பது நாள், இயேசுநாதர் வனாந்தரத்தில் உபவாசித்த நாட்களை நினைவுகூர்வது. இடையே வரும் ஞாயிற்றுக்கிழமைகள் அக்கணக்கில் சேர்வதில்லை.
———

கலயம் கட்டுமுன்

நம்முடைய பிரசங்கங்களில் ஒரு குறை உண்டு. மரியாதையோடு அதைச் சொல்ல வேண்டும். சோதனையை எதிர்ப்பதென்பது, அது வந்து நிற்கும் அந்தக் கணத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் ஒரு யுத்தம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம். கேட்கிற வாலிபர்கள், அந்தக் கணத்தில் பெலன் போதாமல் விழுந்துவிட்டு, தாங்கள் விசுவாசத்திலேயே குறைந்தவர்கள் என்று மனமடிந்து போகிறார்கள். வேதம் சொல்லும் விதமோ வேறு. அரமனை போஜனம் தானியேலின் முன்னே வைக்கப்பட்ட பின் அவன் யோசிக்கத் தொடங்கவில்லை. தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று முதலிலேயே இருதயத்தில் நிர்ணயம்பண்ணிக்கொண்டு, பிறகு அதிகாரியிடம் சென்று பத்து நாள் பரீட்சித்துப் பார்க்கும்படி வினயமாகக் கேட்டான். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு தர்க்கித்து வென்றதாக ஆதியாகமம் கூறவில்லை. அவளுடனே தனித்திராதபடி விலகியிருந்தவன், கடைசியில் வஸ்திரத்தை அவள் கையிலே விட்டுவிட்டு ஓடிப்போனான்.

பனையேறிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகும். கள்ளான பின் எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் அது பதநீர் ஆகாது. பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றே. கலயத்தைக் கட்டுமுன் செய்த காரியந்தான் பேதத்தை உண்டாக்குகிறது. மனுஷ இருதயத்தின் நிலையும் அதுதான்.

ஜெர்மனியில் 205 பேரிடம், அவர்களுடைய அன்றாட இச்சைகளை அவ்வப்போது கைப்பேசி மூலமாகக் கேட்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2012-இல் வெளிவந்தது. தன்னடக்கம் மிகுந்தவர்கள் என்று கணிக்கப்பட்டோர், சோதனைகளோடு ஓயாமல் மல்லுக்கட்டி ஜெயித்தவர்களாக இல்லை. அப்படிப்பட்ட போராட்டங்களே அவர்களுக்குக் குறைவாக நேர்ந்தன. வாழ்க்கையை முன்கூட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டவர்கள் அவர்கள் என்றே அதற்குப் பொருள் கூறலாம். படுக்கையறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோவதில்லை என்று குடும்பமாகத் தீர்மானித்துக்கொள்வதும், சம்பளம் வந்த அன்றே காணிக்கையைப் பிரித்து வைத்துவிடுவதும், குடியை விட்டவர் பழைய கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றுவழியே வீடு திரும்புவதும் கோழைத்தனமன்று. நள்ளிரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மனோதிடத்தைப் பரீட்சை பார்க்கிறவனைக் காட்டிலும், அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பவன் தன்னை நன்றாய் அறிந்தவன்.

தனியாக அல்ல

அகுஸ்தீனார் தம்முடைய பதினாறாம் வயதில், அயலான் மரத்திலிருந்து பேரிக்காய்களைத் திருடிய சம்பவத்தைத் தமது ஆத்தும சரித்திரத்தில் நீளமாக ஆராய்கிறார். பசியில்லை, பழமும் நல்ல பழமில்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக இருந்திருந்தால் தாம் அதைச் செய்திருக்கமாட்டார் என்று அவரே கூறுவதுதான் கவனிக்கத்தக்கது. எல்லாரும் போடுதாவ என்ற வியாபாரியின் சொல்லுக்குள் அடங்கியிருக்கும் பெலன் இதுவே. பாவம் கூட்டாளிகளோடு வருகிறது. நீதியை மட்டும் தனியாகச் செய் என்று மனிதனை அனுப்பிவிடுகிறோம்.

இதை மெதடிஸ்து மரபின் ஸ்தாபகராகிய ஜான் வெஸ்லி கண்டுகொண்டார். 1738-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் நாள் அவர் வகுத்த விதிகளின்படி, ஒருவரையொருவர் நம்பத்தக்க சிலர் சிறு குழுவாக வாரந்தோறும் கூடினர். கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனைகள் என்ன, அவற்றிலிருந்து எவ்விதம் விடுதலை கிடைத்தது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் வெளிப்படையாக மறுமொழி சொன்னார்கள். 1743-இல் அவர் வெளியிட்ட பொது விதிகளோ ஆகாயத்தைப் பார்த்துப் பேசுகிறவை அல்ல: சுங்கம் செலுத்தாத சரக்கை வாங்காதே, விற்காதே, அநியாய வட்டி வாங்காதே, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் கடன் வாங்காதே. இங்கிலாந்தின் கடலோரங்களில் கள்ளக்கடத்தல் ஊரறிந்த தொழிலாக நடந்த காலத்திலே, கடத்தல் சரக்கை வாங்குகிறவனும் குற்றவாளியே என்று 1767-இல் அவர் ஒரு தனிப் பிரசுரம் எழுதினார். அவருடைய வழிவந்த மிஷனெரிமார் 1814-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவில் வேரூன்றிய அந்த மரபு 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. பெயரும் கட்டடங்களும் நம்மிடம் வந்து சேர்ந்தன. வாராந்தரக் கேள்விகள் மட்டும் எங்கோ வழியில் நின்றுவிட்டன.

ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லாரும் ஒரே குரலாகப் பாவ அறிக்கையை வாசிக்கிறோம். நல்லதே. கத்தோலிக்கரிடத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, அதுவும் நல்லதே. ஆனால், போன செவ்வாய்க்கிழமை ஒப்பந்தக்காரர் நீட்டிய உறையைக் கண்டு மனம் தடுமாறிய இளம் பொறியாளன், அதைச் சங்கோசமின்றிச் சொல்லி, நீ என்ன சொன்னாய் தம்பி என்று அன்போடு கேட்கப் பெறுவதற்குரிய இடம் நம் சபைகளில் எத்தனை இருக்கின்றன?

விலை கொடுப்பவர் யார்?

இனி, எவரும் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீதியைத் தெரிந்துகொண்டால் கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்று சாட்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்கிறோம். உண்மைதான்; ஆனால் யோசேப்பு விலகி ஓடியதற்குக் கிடைத்த முதற் பலன் சிறைச்சாலை. அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்கு விரைந்து போகிறவர்கள், அந்தச் சிறையில் அவனுக்குக் கழிந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. கையெழுத்துப் போட மறுத்த எழுத்தர் தூர ஊருக்கு மாற்றப்படுகிறார். அவர் மனைவிக்கு வேலை போகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறுகிறது, வயதான தாயார் வழக்கமான வைத்தியரை இழக்கிறார். அவரோடு வேலை பார்த்து, வாங்கிக்கொண்டு வாய் மூடியிருந்தவர், உள்ளூரிலேயே வீடு கட்டி, பிரதிஷ்டைக்குச் சேகரகுருவை அழைக்கிறார். சபை இரண்டு பேரையும் ஒரே விதமாக வாழ்த்துகிறது. சொல்லப்போனால் பெரிய காணிக்கை கொடுத்தவரைச் சற்றுக் கூடுதலாகவே வாழ்த்துகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் இதைத்தான் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்.

ஜான் பனியன் 1660-இல் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், கொடுக்கவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் பெட்போர்டு சிறையில் இருந்தார். வீட்டிலே நான்கு பிள்ளைகள். மூத்தவளான மேரிக்குக் கண் தெரியாது. சிறைக்குள்ளேயே செருப்பு நாடாக்களுக்கு முனை பூட்டி விற்று அவர்களுக்குப் பணம் அனுப்பினார். மனைவி பிள்ளைகளை, விசேஷமாக அந்தக் குருட்டுப் பெண்ணைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பதுபோன்ற வேதனையாயிருந்ததென்று அவரே எழுதியிருக்கிறார். 1672-இல் பெட்போர்டு சபையார், இன்னும் சிறையிலிருந்து முற்றும் நீங்காத அந்த மனிதரைத் தங்கள் மேய்ப்பராகத் தெரிந்துகொண்டார்கள். 1678-இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாணம், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் இரட்சணிய யாத்திரிகம் என்ற தமிழ்க் காவியமாகி 1894-இல் நமக்குக் கிடைத்தது. அந்தக் காவியத்தை இன்று போற்றுகிற நாம், கண் தெரியாத அந்த மகளின் பங்கையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நீதிமானுடைய விலையில் பாதியை எப்பொழுதும் அவன் வீட்டார்தாம் செலுத்துகிறார்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்களும் இவ்விஷயத்தில் உறங்கிவிடவில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, நியாயாசனத்தில் உட்கார்ந்துகொண்டே, 1859-இல் தாம் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைக் கடிந்து பாடினார். கத்தோலிக்கக் கிறிஸ்தவராகிய அவர், தம் உத்தியோகத்துக்குள்ளே நடப்பதையே தம் கவிதைக்குப் பொருளாக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. 1870-களின் பிற்பகுதியில் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, சம்பாதித்ததை ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதில் செலவிட்டார். வாங்க மறுத்த கை கொடுக்கவும் அறிந்திருந்தது.

அதைக் காட்டிலும் என் மனத்தை ஈர்ப்பது திருநெல்வேலிச் சபையின் ஆதி நாட்கள். புது விசுவாசிகள் வீடிழந்து, கிணறிழந்து துரத்தப்பட்டபோது, சகித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சபையார் அவர்களுக்குப் போதிக்கவில்லை, நிலம் வாங்கினார்கள். 1799-இல் சாத்தான்குளத்துக்கு அருகே அவ்விதம் எழுந்த முதலாவது கிறிஸ்தவக் கிராமமே முதலூர். 1830-இல் மிஷனெரி இரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் தோன்றியதும் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்காகத்தான். விசுவாசத்தின் விலையை ஒரு குடும்பத்தின் தலையில் போடாமல், அரிசியும் ஓலையும் கொடுத்துச் சபையே பங்கிட்டுக்கொண்ட அந்த முறையை விட்டுவிட்டு, அந்தக் கிராமங்களின் ஆலய கோபுரங்களை மட்டும் நாம் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறோம். லஞ்சம் வாங்காததால் பதவி உயர்வு இழந்தவருடைய பிள்ளைக்குப் படிப்புச் செலவு கொடுக்க ஒரு நிதி, சீனி கலக்காத கருப்பட்டியை நியாய விலைக்கு வாங்க ஒரு பெண்கள் ஐக்கிய சங்கம்: இவை எந்தத் திருமண்டலத்துக்கும் எட்டாத காரியங்கள் அல்ல.

———
பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு, லஞ்சம் கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. கட்டாயத்துக்கு உட்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் அதிகாரிகளிடம் அறிவித்தால் அவருக்கு அப்பிரிவு பொருந்தாது.
———

கலியாண வாசலில்

வரதட்சணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. ரொக்கம், நகை, கார் என்று பேரம் பேசி முடித்த பின், சபையிலே மூன்று ஞாயிறுகள் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. இவ்விவாகத்துக்குத் தடை ஏதேனும் உண்டா என்று குருவானவர் கேட்கிறார். எல்லாரும் அறிந்த தடையை ஒருவரும் சொல்வதில்லை. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடையே சீதனத் தொகையில் ஒரு பங்கைக் கோயிலுக்கே செலுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கேட்கத் துணியாத சபையும் பங்கு வாங்கிய சபையும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. திருமண்டலத் தேர்தல் நாட்களில் வாக்குக்குப் பணம் கைமாறுகிறதென்று விசுவாசிகளே வெட்கத்தோடு பேசிக்கொள்ளும்போது, சோதனையை எதிர்க்கும்படி வாலிபருக்குப் போதிக்க நமக்குள்ள யோக்கியதை என்ன என்பதைத் தலைவர்கள் முழங்காலில் நின்று சிந்திக்க வேண்டும்.

விழுந்தவர்களுக்கு

ஏற்கெனவே விட்டுக்கொடுத்தவர்களுக்கு வழி என்ன? எரிகோவின் ஆயக்காரர் தலைவனாகிய சகேயு, தன் வீட்டில் இயேசுநாதர் வந்திறங்கிய அன்றே, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான். மோசேயின் பிரமாணம் கேட்டது அத்தனை அல்ல: லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும்படி விதித்திருக்கிறது. பறிகொடுத்தவன் இறந்து, உறவினனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குரியதாய் ஆசாரியனைச் சேரும். மன்னிப்புக் கேட்டு அழுவதோடு காரியம் முடிந்துவிட்டதாக அந்தப் புஸ்தகங்கள் எங்கும் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கச் சொல்லுகின்றன. கணக்குப் பார்ப்பது கண்ணீரைவிடக் கடினமானதாகையால் அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பறிகொடுத்தவர்களின் பெயர் தெரிந்தால் நேரே போய்க் கொடுக்கலாம், பணவிடையில் அனுப்பலாம். வருஷக்கணக்காய் எடையில் குறைத்து விற்றுவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று இன்று நினைவில்லாத மளிகைக்கடைக்காரர், நாளைக் காலையிலேயே தராசைச் சரிபார்க்கச் செய்துவிட்டு, அதே ஊர் ஜனங்களுக்கு, காரணம் சொல்லாமல், எடைக்கு மேல் ஒரு பிடி போட்டுக் கொடுக்கத் தொடங்கலாம்.